சோடா டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை

"நெஞ்சு அடைக்குது"ன்னு ஒருத்தர் உக்காந்தா போதும். எங்க திருவரங்குளம் டீக்கடை பெஞ்சுலேர்ந்து நாலு டாக்டர் கிளம்பிடுவாங்க. "வாயுதான், சோடா குடிய்யா!" உங்க நெஞ்சுக்குள்ள யாருய்யா பார்த்தா?

நெஞ்சை அமுக்குற பாரம், கைக்கும் தாடைக்கும் பரவுற வலி, குப்புன்னு வேர்வை, மூச்சுத்திணறல்... மாரடைப்பா இருக்கலாம் மக்களே. சர்க்கரைக்காரங்களுக்கும் பெண்களுக்கும் சிலசமயம் வலியே இல்லாம வெறும் அசதி, குமட்டலோட வரும். ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டா நிமிஷத்துக்கு நிமிஷம் இதயத்தசை சாகுது. சோடாவால அடைப்பு கரையாது.

2023-ல வந்த 'இதயம் காப்போம்' திட்டமே எதுக்கு? ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான். 108-ஐக் கூப்பிடுங்க. வாயுன்னு ஈசிஜி பார்த்த டாக்டர் சொன்னா சிரிச்சிக்கிட்டே வீட்டுக்கு வரலாம். நீங்க சொல்லி அது தப்பாப் போனா, அந்த வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?