கோட்டையைப் பார்க்கலாம், இரவு எங்கே தங்குவது?

வரலாற்று நகரம் ஒன்றுக்குப் பயணம் போகிறவருக்கு இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். ஒன்று, பகலில் பார்க்கப்போகும் நினைவுச்சின்னத்தின் கதவு. இன்னொன்று, இரவில் படுத்துறங்கும் அறையின் கதவு. முதல் கதவுக்குத் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு போதும். அங்கே யாரும் சாதி கேட்பதில்லை. இரண்டாவது கதவில் இன்றும் கேட்கிறார்கள். கேட்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

தக்காணத்துக் குகைக் கல்வெட்டுகள் என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. அதற்காக நானும் இரண்டு ஆய்வு மாணவ நண்பர்களும் நான்கு நாட்கள் அவுரங்காபாத்தில் தங்கினோம். 2023 முதல் அரசுப் பதிவுகளில் அதன் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். எல்லோராவும் தௌலதாபாத் கோட்டையும் பக்கத்தில். அஜந்தா போய்வர ஒரு முழு நாள். மூன்று பேருக்கு ஓட்டலைவிட, சமையலறையோடு கூடிய விடுமுறை அடுக்ககம் மலிவு. எனவே செயலியில் தேடினோம்.

முதலில் பதிவு செய்த வீட்டின் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். மிகவும் பணிவாகப் பேசினார்.

"உங்க சர்நேம் என்ன மேடம்? இதுல ஏதோ அப்பா பேர் மாதிரி இருக்கு."

"அப்பா பேர்தான். எங்க ஊர்ல சர்நேம் கிடையாது."

"அப்போ கம்யூனிட்டி?"

"அறைக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பக்கத்துல எல்லாம் குடும்பங்க இருக்காங்க, சொசைட்டில கேப்பாங்க. அதான்."

பத்து நிமிடத்தில் செய்தி வந்தது: வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது, மன்னிக்கவும். அன்றிரவு அதே தேதிகளுக்கு அதே வீடு செயலியில் காலியாகவே இருந்தது.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். அதன் பயனாகத் தமிழ்நாட்டில் நம் தலைமுறை, பெயருக்குப் பின்னால் எதுவும் ஒட்டாமல் பள்ளிக்கூடம் போனது. பெயரில் சாதி இல்லாதது நமக்கு ஒரு விடுதலை. அந்த உரிமையாளருக்கு அது நிரப்பப்படாத ஒரு கட்டம், அவ்வளவுதான். அதற்காகத் தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளவும் இடமில்லை. இங்கே பெயரில் கிடைக்காததைத் தெருவின் பெயரிலும், குலதெய்வத்திலும், "நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வியிலும் தேடிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வீடு கிடைத்தது. மொட்டை மாடியில் நின்றால் பீபி கா மக்பராவின் வெள்ளைக் குவிமாடம் தெரியும். சுவரில் ஒட்டிய விதிகளில் முதலாவது, அசைவம் சமைக்கவோ வாங்கி வரவோ கூடாது. தினமும் காலையில் ஒரு பெண் வந்து அறைகளைத் துடைத்து, கழிப்பறையைக் கழுவிவிட்டுப் போவார். அங்கே எல்லோரையும் போல நாங்களும் அவரை 'மாவ்ஷி' என்றே அழைத்தோம். இரண்டாம் நாள் தேநீர் போட்டுக் கொடுத்தபோது, பால்கனியில் பூந்தொட்டிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தம்ளரை எடுத்து வந்து நீட்டினார். சமையலறையில் ஆறு பீங்கான் கோப்பைகள் சும்மா இருந்தன. உரிமையாளர் சொன்ன ஏற்பாடு அது என்றார். அவருடைய மகள், அம்பேத்கர் தொடங்கிய மிலிந்த் கல்லூரியில் பி.ஏ. படிக்கிறாள். நாடு முழுவதிலிருந்தும் விருந்தினர்கள் வந்து தங்கும் அந்த வீட்டில், அதைச் சுத்தம் செய்கிறவருக்கு மட்டும் தனிக்குவளை.

இதை எழுத அவுரங்காபாத்தைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. 1934இல் அண்ணல் அம்பேத்கர் தோழர்கள் சுமார் முப்பது பேருடன் எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பினார். தொல்லை வராமலிருக்க, தாங்கள் யாரென்று காட்டிக்கொள்ளாமல் பயணம் செய்வது என்று முடிவு. வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தை, வாசலிலிருந்த குளத்துத் தண்ணீரில் சிலர் கழுவினார்கள். சிறிது நேரத்தில் ஒரு முதியவர் குளம் தீட்டாகிவிட்டதென்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் கூடியது. உள்ளூர் தலித்துகளும் வசைக்கு ஆளானார்கள். கத்தியவர்கள் முஸ்லிம்கள். தீண்டப்படாத ஒருவர் முஸ்லிமாக மாறினால் அப்போதும் தண்ணீர் எடுக்க விடமாட்டீர்களா என்று அம்பேத்கர் கேட்டார். பதில் இல்லை. கடைசியில், கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, அதைக் கண்காணிக்க ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவரையும் கூட அனுப்பி உள்ளே விட்டார்கள்.

அதற்கும் முன்னால் பரோடா. வெளிநாட்டில் படித்துத் திரும்பி சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதிக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினார்கள். ஓர் இந்து நண்பரிடமும் ஒரு கிறித்தவ நண்பரிடமும் போனார். இரண்டு வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அவரே எழுதியிருக்கிறார். சாதி ஒரு மதத்தின் எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை என்பதற்கு அவை சாட்சி.

இப்போது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். முதல் உட்பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள் பற்றியது. இரண்டாவது கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள், சாலைகள் பற்றியது. ஒன்றில் பரோடா விடுதி தெரிகிறது. மற்றதில் மகாத் குளமும் தௌலதாபாத் குளமும் தெரிகின்றன. பெரும்பாலான அடிப்படை உரிமைகள் அரசை நோக்கிப் பேசுகின்றன. இந்தப் பிரிவு, கடைக்காரரையும் விடுதிக்காரரையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபை விவாதத்தில் 'கடை' என்ற சொல்லை விரிந்த பொருளில் கொள்ள வேண்டும், சேவை வழங்குகிறவர்களும் அதில் அடங்குவர் என்று அம்பேத்கர் விளக்கம் சொன்னார்.

"ஓட்டல் வேறு, இது என் சொந்த வீடு. யாருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம்" என்று அடுக்கக உரிமையாளர்கள் சொல்வார்கள். முற்போக்காளர்கள் சிலருக்கும் இது நியாயமாகப் படுகிறது. ஆனால் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 'ஓட்டல்' என்பதற்குத் தரும் வரையறையில் உணவும் உறைவிடமும் தரும் இல்லங்கள், தங்கும் இல்லங்கள் ஆகியவையும் அடங்கும். நாள் வாடகைக்கு, முன்பின் தெரியாத எவருக்கும், விளம்பரம் செய்து விடப்படும் வீடு தங்கும் இல்லம் இல்லையென்றால் வேறென்ன? தீண்டாமையின் பேரில் அங்கே இடம் மறுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. இல்லையென்று நிரூபிப்பது மறுத்தவரின் பொறுப்பு. இவ்வளவு வலுவான சட்டம் கையில் இருந்தும், பெயின்ட் வேலை என்ற ஒற்றை வரிக்கு முன்னால் நாம் ஓய்ந்துபோய் அடுத்த வீட்டைத் தேடுகிறோம்.

நீதிமன்றங்களும் எப்போதும் உதவிக்கு வந்துவிடவில்லை. அகமதாபாத் பார்சி கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் ஒன்று, பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்று வைத்திருந்த விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கூடி வாழும் உரிமை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டைக் காத்துக்கொள்ளும் தேவை உண்மையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தர்க்கம் கையில் வந்தபிறகு, ஆதிக்கச் சாதிகளின் அடுக்ககச் சங்கங்களும் அதையே பேசலாம். "சொசைட்டில கேப்பாங்க" என்ற சொல்லின் பின்னால் இருப்பது இந்தத் தைரியம்தான்.

செயலிகள் இதில் நடுநிலையாளர்கள் அல்ல. 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஐந்து அமெரிக்க நகரங்களில், ஏர்பிஎன்பியில் பட்டியலிட்டிருந்த சுமார் 6,400 வீட்டு உரிமையாளர்களுக்குக் கோரிக்கைகள் அனுப்பினார்கள். பெயரைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று. கறுப்பினத்தவர் பெயர் என்று தோன்றிய கோரிக்கைகள் ஏற்கப்படும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த ஆய்வும் கறுப்பின மக்களின் எதிர்ப்பும் சேர்ந்து நெருக்கியதால், முன்பதிவு உறுதியாகும் வரை விருந்தினரின் படத்தை உரிமையாளருக்குக் காட்டுவதில்லை என்று 2018இல் அந்நிறுவனம் விதியை மாற்றியது. இனத்துக்குச் செய்ததைச் சாதிக்கு ஏன் செய்ய முடியாது? இங்கே படத்தைவிடப் பெயர்தான் காட்டிக்கொடுக்கிறது.

நாம் பார்க்கப்போகும் சின்னங்களில் பலவும் ஒருகாலத்தில் மனிதர்கள் தங்கிய இடங்கள்தான். எல்லோராவின் 34 குகைகளில் 12 பௌத்தக் குகைகள், அவற்றில் பெரும்பாலானவை துறவிகள் வாழ்ந்த விகாரங்கள். அஜந்தாவின் பன்னிரண்டாம் குகையில் சிறு அறைகளுக்குள் பாறையிலேயே வெட்டிய இரட்டைக் கல் படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். நாசிக், கார்லே, கன்ஹேரி குகைக் கல்வெட்டுகளில் கொடையாளர்களாக வருகிறவர்கள் மன்னர்கள் மட்டுமல்ல. தச்சர், கொல்லர், மீனவர், வாசனைப்பொருள் விற்பவர், பிக்குணிகள் என்று உழைக்கும் மக்களும் வருகிறார்கள். பௌத்த மரபு சொல்லும் கதையில், நாவிதரான உபாலி சாக்கிய இளவரசர்களுக்கு முன்னால் துறவேற்றார். இளவரசர்கள் அவரை வணங்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அடிமைகளையும் கடனாளிகளையும் சங்கத்தில் சேர்க்க விநய விதிகள் தடை செய்தன. ஆனாலும் பிறப்பைக் கேட்டு வாசலில் நிறுத்தாத தங்குமிடம் இந்த மண்ணில் சாத்தியமாக இருந்தது. அவுரங்காபாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1610இல் கட்கி என்ற பெயரில் இந்த நகரத்துக்கு அடித்தளமிட்டு, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த மாலிக் அம்பர், எத்தியோப்பியாவிலிருந்து அடிமையாக விற்கப்பட்டு வந்தவர்.

மரபுச் சுற்றுலாவுக்கு அரசுகள் பணம் செலவழிக்கின்றன. வீட்டுத் தங்கல்களைப் பதிவு செய்யச் சொல்லி ஊக்குவிக்கின்றன. அந்தப் பதிவுக்குத் தீயணைப்புக் கருவி, கழிப்பறை, கண்காணிப்புக் கேமரா என்று பட்டியல் வைத்திருக்கும் சுற்றுலாத் துறைகள், சாதி, மத அடிப்படையில் இடம் மறுத்தால் பதிவு ரத்தாகும் என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். செயலி நிறுவனங்கள், முன்பதிவு உறுதியாகும் வரை விருந்தினரின் பெயரை மறைக்க வேண்டும். பணம் கட்டியபின் காரணமில்லாமல் ரத்து செய்கிறவர்களின் கணக்கை முடக்க வேண்டும். வேலை செய்ய வருகிறவருக்குத் தனிக்குவளை வைப்பதும் தீண்டாமைக் குற்றம்தான் என்பதை விருந்தினர்களாகிய நாம் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும். மாவ்ஷியின் வேலை போய்விடாதபடி, அவர் பெயரை இழுக்காமல், எங்கள் கண்ணில் பட்டதாகவே நாங்கள் எழுத்தில் சொன்னோம்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்கப்பட்டால் செய்தியைச் சேமித்து வையுங்கள். அழைப்பாக வந்தால், "எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். மறுக்கப்பட்ட தேதியில் வீடு காலியாக இருப்பதைப் படமெடுத்து வையுங்கள். செயலிக்கும் சுற்றுலாத் துறைக்கும் புகார் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் காவல் நிலையத்துக்கும் சேர்ந்து போங்கள். சாதி கேட்கப்படாத தோழர்களும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அவர்களிடம்தான் இந்த உரிமையாளர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

பதிவேட்டில் வேறு பெயர் எழுதித் தங்கிய ஒரு மனிதர், பின்னாளில் நாட்டின் சட்டத்தில் ஓட்டலையும் குளத்தையும் பெயர் சொல்லி எழுத வைத்தார். அந்த வரிகள் ஏட்டில் இருக்கின்றன. சொந்தப் பெயரோடு போய் அறை கேட்பதும், மறுத்தால் அந்த வரிகளைக் கையிலெடுப்பதும் இனி நம் வேலை.