தூரிகைக்கு உரிய பங்கு

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஏலத்தின் இயல்பை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விடியுமுன் நிரைக்குச் சென்று அவர்கள் சேர்த்த பால், இரப்பராகிக் கப்பலேறியது. அதன் விலையோ இலண்டன் மின்சிங் லேன் சந்தையில் கூறப்பட்டது. உழைப்பு ஓரிடம், விலை கூறும் உரிமை வேறிடம். அந்த அநீதியே இன்று ஓவியச் சந்தையில் பட்டாடை உடுத்தி உலவுகின்றது.

இந்திய ஓவியர் தையப் மேத்தாவின் 'கொண்டாட்டம்' 2002இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 3 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. 2005இல் அவருடைய 'மகிஷாசுரன்' 15 இலட்சம் டாலரைத் தாண்டியது. 2025இல் எம்.எஃப். உசேனின் 'கிராம யாத்திரை' 137 இலட்சம் டாலரைக் கடந்தது. மேத்தா 2009 வரை வாழ்ந்தவர். ஆயினும் அவ்விரு ஏலங்களின் ஆதாயமும் படத்தை உடைமையாக வைத்திருந்தோரையே சேர்ந்தது. தீட்டிய கை வெறுங்கையாகவே நின்றது.

"விலை சரிந்தால் ஓவியன் நட்டத்தில் பங்கேற்பானோ?" என வினவுவார் உளர். வாங்கியவர் வீட்டுச் சுவரில் படம் வாளா தொங்கிய காலத்தில் அதன் மதிப்பை உயர்த்தியது எது? ஓவியன் பின்னர் வாழ்நாளெல்லாம் தீட்டிய படங்களும், அவற்றால் ஈட்டிய பெயருமே அன்றோ! அவன் உழைப்பால் விளைந்த உயர்வில் அவனுக்குச் சிறு பங்கு தருதல் ஈகையன்று, கடன்.

இவ்வுண்மையைப் பிரான்சு 1920லேயே சட்டமாக்கியது. பிரிட்டன் 2006இல் ஏற்றது. இந்தியா 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, மறுவிற்பனையில் 10 விழுக்காடு வரை பங்குக்கு இடமளித்தது. ஆனால் அச்சட்டத்தின் கை நியூயார்க்கை எட்டுவதில்லை. மலேசியாவிலோ, 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இவ்வுரிமைக்கு இடமே இல்லை. 2010இல் ஹென்றி புட்சர் நிறுவனம் மலேசிய ஓவியங்களை ஏலத்திற்குக் கொணர்ந்தது முதல் சந்தை வளர்ந்துள்ளது, சட்டம் வளரவில்லை.

ஏலக்கூடத்தின் சுத்தியல் விலையை அறிவிக்கும், நீதியை அறிவிக்காது. அதனைச் சட்டமே அறிவித்தல் வேண்டும். பால்மரங்கள் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கின்றது. அதனருகே ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒரு சிறுமி வண்ணக்கோல் பிடித்துப் படம் வரைந்து கொண்டிருப்பாள். பாட்டன் எடுத்த பாலுக்கு விலை கூறியவர் எவரோ. பேத்தி தீட்டும் படத்திற்கும் அவ்வாறே நேர விடுதல் தகுமோ?