"காலையில் ஒரு தடவை பூசினால் நாள் முழுக்கப் போதும்" - இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்



நீளமான பதிவுதான். இருந்தாலும், வெளுத்த தோல் உள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த மாதம் கடற்கரைக்குப் போகிறவர்கள் முழுவதையும் படித்தே ஆகவேண்டும். வாத்தியார் உத்தரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இது. நம் சொந்தத்திலும் என் மாணவர்களிலும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று குடியேறியவர்கள் நிறையப் பேர். சிலர் அந்த ஊர்க்காரர்களையே கல்யாணம் செய்திருக்கிறார்கள். என் அக்கா மருமகள் ஸ்காட்லாந்துக்காரி. செம்பட்டை முடி, பால் போன்ற தோல். பிள்ளைகள் இரண்டும் அம்மாவை உரித்து வைத்திருக்கின்றன. ஸ்பெயினுக்கு லீவில் போகப் பெட்டி கட்டிய படத்தைப் போன வாரம் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சன்ஸ்கிரீன் பாட்டில். அக்கா மகன் எழுதுகிறான்: "இது லாங் லாஸ்டிங் மாமா, காலைல ஒரு தடவை பூசினா எட்டு மணி நேரம் தாங்கும்." அதற்குக் கீழே கட்டைவிரல் தூக்கியவர்களில் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள் நாலு பேர். அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

முதலில் அந்த எட்டு மணி நேரக் கதையைப் பார்ப்போம். பிரிட்டனில் 'விச்?' என்ற நுகர்வோர் அமைப்பு 2016ல் "ஒரு நாளைக்கு ஒரு முறை" என்று விற்கப்பட்ட நான்கு சன்ஸ்கிரீன்களைச் சோதித்தது. 6 முதல் 8 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, அவற்றின் பாதுகாப்பு சராசரியாக 74 சதவீதம் குறைந்திருந்தது. கணக்குப் போடுங்கள். எஸ்.பி.எஃப். 30 என்று காலையில் பூசியது சாயங்காலம் ஏறக்குறைய 8 ஆகிவிடுகிறது. 30ல் ஒரு பங்கு தோலுக்குள் போன கதிர் இப்போது 8ல் ஒரு பங்கு போகிறது. அதாவது கிட்டத்தட்ட நாலு மடங்கு. பாட்டிலில் எண் மாறவில்லை, தோலில் மாறிவிட்டது.

இதை ஏதோ ஒரு பத்திரிகைக்காரன் கிளப்பிய புரளி என்று ஒதுக்காதீர்கள். "மறுபடி பூசவே தேவையில்லை" என்று பொருள்படும் வாசகம் லேபிளில் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் 2006லேயே பரிந்துரை செய்துவிட்டது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2011ல் போட்ட விதி இன்னும் கறார். தகுந்த ஆதாரம் கொடுத்து அனுமதி வாங்காமல், மறுபடி பூசாமலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்கும் என்று எழுத முடியாது. "வாட்டர்ப்ரூஃப்", "சன்பிளாக்" என்ற சொற்களுக்கும் அங்கே தடை. ஏன் தடை? அந்தச் சொற்களை நம்பி ஜனங்கள் வெயிலில் கிடப்பார்கள் என்பதால்தான்.

"வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருக்கே சார்" என்று ஒருவன் கேட்பான். ஐரோப்பிய முறைப்படி அந்தப் பெயர் எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? 20 நிமிடம் வீதம் இரண்டு தடவை தண்ணீரில் உட்கார வைப்பார்கள். அதற்குப் பிறகு பாதிப் பாதுகாப்பு மிஞ்சினால் பாஸ். நூற்றுக்கு ஐம்பது! அந்தச் சோதனையில் அலை கிடையாது, மணல் கிடையாது, துண்டால் பரபரவென்று துடைக்கும் அம்மாவும் கிடையாது.

அடுத்தது எஸ்.பி.எஃப். என்ற எண். பலர் இதை மணிக்கணக்கு என்று நினைக்கிறார்கள். "சும்மா நின்னா பத்து நிமிஷத்துல சிவக்கும், 30ஆல பெருக்கினா 300 நிமிஷம், அஞ்சு மணி நேரம் கவலையில்ல" என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். எஸ்.பி.எஃப். நேரத்தின் அளவு அல்ல, தோலைச் சிவக்க வைக்கத் தேவைப்படும் கதிரின் அளவை வைத்துச் சொல்லப்படும் விகிதம். காலை ஏழு மணி வெயிலின் ஒரு மணி நேரமும் உச்சி வெயிலின் ஒரு மணி நேரமும் ஒன்றா? குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். குழாய் சொட்டினால் ஒரு கணக்கு, பீறிட்டால் வேறு கணக்கு.

அந்த எண்ணும் ஒரு நிபந்தனையோடு வருகிறது. ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கிறார்கள். பெரிய ஆள் ஒருவரின் உடம்புத் தோல் சுமார் 17,000 சதுர சென்டிமீட்டர். இரண்டால் பெருக்குங்கள், 34 கிராம். ஆறு வயதுக் குழந்தைக்கு இதில் ஏறக்குறைய பாதி. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் சேர்ந்தால் ஒரு தடவைக்கு 100 கிராம். 200 மில்லி பாட்டில் இரண்டே தடவையில் காலி. நீச்சல் உடை மறைக்கும் இடத்தைக் கழித்தால் மூன்று தடவை வரலாம். ஆனால் நீங்கள் ஒரு பாட்டிலைக் கொண்டுபோய், ஒரு வாரம் கடலில் குளித்துவிட்டு, பாதியைத் திருப்பிக் கொண்டு வருகிறீர்கள். "சிக்கனமா செலவு பண்ணோம்" என்ற பெருமை வேறு. அந்த மிச்சம் முழுவதும் பிள்ளைகள் தோலில் இருந்திருக்க வேண்டியது. பாதி அளவு பூசினால் பாதுகாப்பும் ஏறக்குறைய பாதிதான்.

அந்த 30, 50 என்ற எண்களையே முழுக்க நம்பலாமா என்றால் அதுவும் சந்தேகம்தான். ஆஸ்திரேலியாவில் 'சாய்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு 2025ல் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தது. 16 தயாரிப்புகள் லேபிளில் போட்ட அளவை எட்டவில்லை. அதற்காகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எண் பெரிதாக இருக்கிறது என்று அதையே நம்பி நடுவெயிலில் நிற்காதீர்கள் என்கிறேன்.

ஸ்பெயினுக்கே வருவோம். அந்த நாடு இருக்கும் தீர்க்கரேகைக்கும் அதன் கடிகாரத்துக்கும் பொருத்தமில்லை. மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறார்கள், கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுகிறார்கள். அதனால் ஜூலையில் தென் ஸ்பெயினில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 2 மணிக்கு மேல்தான். ஹோட்டலில் காலை 9 மணிக்குப் பூசி, கடலில் குளித்து, துடைத்து, சாப்பிட்டு, மறுபடி கடற்கரைக்கு வரும் நேரத்தில்தான் கதிர் உச்சத்தில் இருக்கிறது. பூசிய லோஷன் அப்போது ஐந்து மணி நேரப் பழசு. எந்த நேரத்தில் காப்பு அதிகம் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அது தேய்ந்து நிற்கிறது.

சுட்டால் தெரியாதா என்பீர்கள். தெரியாது. சுடுவது அகச்சிவப்புக் கதிர், தோலைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். ஒன்பதாம் வகுப்பிலேயே நடத்தினேன்! கடல்காற்று ஜில்லென்று அடிக்கும், புற ஊதா தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அரை மீட்டர் ஆழத் தண்ணீருக்குள்ளும் மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோல் சிவப்பது பல மணி நேரம் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். ராத்திரி குழந்தை படுக்க முடியாமல் அழும்போது லேபிளைப் படித்து என்ன பிரயோஜனம்?

இப்போது நம் ஆட்களிடம் நேரடியாக ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு சன்ஸ்கிரீன் என்றால் முகம் கறுக்காமல் இருக்கப் பூசும் கிரீம், பவுடர் வகையறா. அதனால்தான் "ஒரு தடவை போட்டா போதாதா" என்ற அலட்சியம் வருகிறது. நம் தோலில் இருக்கும் மெலனின் ஓரளவு குடையாக நிற்கிறது. அப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் பிள்ளைக்கும் ஆகாது என்று கணக்குப் போடாதீர்கள். செம்பட்டை முடிக்காரர்களின் தோலில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை மெலனின். அது கதிரைத் தடுப்பதில் மிகவும் பலவீனம். ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வகுத்த ஆறு வகைத் தோல்களில் இது முதல் வகை: எப்போதும் கன்றிப்போகும், பழுப்பாக மாறவே மாறாது. வருடம் பூராவும் மேகத்துக்குக் கீழே இருந்துவிட்டு, லீவு விட்டதும் இரண்டு வாரம் கடும் வெயிலில் போய் விழும் இந்த வழக்கத்தை மெலனோமா என்ற தோல் புற்றுநோயோடு சேர்த்துத்தான் மருத்துவர்கள் பேசுகிறார்கள். சிறு வயதில் கொப்புளம் வருமளவு கன்றிப்போவது பிற்காலத்தில் அந்த ஆபத்தைக் கூட்டும்.

"ஒண்ணும் பூசாம இருக்கறதுக்கு, ஒரு தடவை பூசறது மேல்தானே சார்?" நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். பிரெஞ்சு, சுவிஸ் மாணவர்கள் 87 பேருக்குக் கோடை லீவுக்கு முன் சன்ஸ்கிரீன் கொடுத்த ஆய்வு ஒன்று 1999ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு எஸ்.பி.எஃப். 10, மீதிப் பேருக்கு 30. யாருக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. 30 கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட சுமார் 25 சதவீதம் அதிக நேரம் வெயிலில் படுத்துக் கிடந்தார்கள். கன்றிப்போனதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை. பலமான காப்பைக் கையில் கொடுத்தால் மனிதன் அதை வெயிலில் கூடுதலாகக் கிடக்கத்தான் செலவழிக்கிறான். எட்டு மணி நேரம் என்று வாக்குக் கொடுத்தால் எட்டு மணி நேரமும் கிடப்பான். அதனால்தான் அந்த வாசகத்தோடு எனக்குச் சண்டை.

சன்ஸ்கிரீனே வீண் என்று நான் சொல்வதாக யாராவது திரித்தால் காதைத் திருகுவேன். அது வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில், தினமும் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. பிறகு பல வருடம் தொடர்ந்து கவனித்ததில் மெலனோமாவும் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் அவர்களுக்குச் சொன்னது என்ன? தினமும் காலையில் பூசு. வியர்த்தால், குளித்தால், அதிக நேரம் வெயிலில் இருந்தால் மறுபடி பூசு. அந்தப் பின்பாதியைத்தான் விளம்பரக்காரன் வெட்டி எறிந்துவிட்டான்.

"லீவுல கூட அலாரம் வெச்சு பூசிக்கிட்டே இருக்கணுமா?" என்று ஒரு மாணவி உள்பெட்டியில் சலித்துக்கொண்டாள். ஆமாம் தாயே, வைக்கத்தான் வேண்டும். சலிப்பாக இருந்தால் பூச வேண்டிய பரப்பைக் குறை. முழுக்கைச் சட்டை போட்ட இடத்தில் லோஷன் தேவையில்லை, துண்டால் துடைத்தாலும் சட்டை போகாது. ஆஸ்திரேலியாக்காரன் 1981லேயே இதைப் பிள்ளைகளுக்கு ஒரு விளம்பரப் பாட்டில் சொல்லிக் கொடுத்தான்: சட்டை போடு, லோஷன் பூசு, தொப்பி வை. 2007ல் நிழல் தேடு, கறுப்புக் கண்ணாடி போடு என்ற இரண்டையும் சேர்த்தார்கள். ஐந்தில் லோஷன் ஒன்றுதான்!

ஆகவே, போகிறவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். போனில் அந்த ஊர் யு.வி. இண்டெக்ஸ் பாருங்கள். 3க்கு மேல் போனால் காப்பு வேண்டும். உச்சி வெயிலுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் நிழலில் இருங்கள். அங்கே அது 12 முதல் 4 வரை. சாப்பாடு, தூக்கம், சீட்டாட்டம் எல்லாம் அப்போது. லோஷன் 30க்குக் குறையாமல், புற ஊதா ஏ கதிரையும் தடுப்பதாக வாங்குங்கள். வெளியே கிளம்பும் முன்பே தாராளமாகப் பூசுங்கள். காது, கழுத்துப் பின்புறம், பாதத்தின் மேல்பக்கம் மறக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரை விட்டு வந்ததும் ஒரு தடவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால் லோஷனை நம்பாமல் நிழலில் வையுங்கள். விலை குறைந்த லோஷனைத் தாராளமாகப் பூசுவது, விலை உயர்ந்ததைக் கஞ்சத்தனமாகத் தடவுவதைவிட மேல்.

மறுப்பு இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் லேபிளைப் படம் எடுத்துப் போட்டு "இதோ ஆதாரம்" என்று மட்டும் வராதீர்கள். விற்கிறவன் எழுதிய சர்ட்டிபிகேட்டை நான் எந்தக் காலத்திலும் திருத்தி மார்க் போட்டதில்லை.

பிள்ளைகளைச் சிரித்த முகத்தோடு, சிவக்காத முதுகோடு திரும்பக் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்