பிள்ளையின் கைத்தொலைபேசி: ஒப்பமிடுவது யார், முடிவெடுப்பது யார்?

டென்மார்க் வாழ் ஈழத்தமிழரின் வரலாற்றில் 1987 ஆம் ஆண்டு என்றும் மறக்க முடியாத ஆண்டாகும். போரிலிருந்து உயிர்தப்பி இந்நாட்டை வந்தடைந்த தமிழ் அகதிகளின் மனைவியரும் பிள்ளைகளும் அவர்களோடு வந்து இணைவதற்கான விண்ணப்பங்களை, அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் சட்டத்திற்கு மாறாகக் கிடப்பில் போடச் செய்த ஆண்டு அது. விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தபோது பிரதமர் பவுல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995 இல் நின் ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. "தமிழர் வழக்கு" என்றே டெனிஸ் அரசியல் வரலாறு அதனை இன்றும் அழைக்கின்றது.

அந்த வழக்கின் மையத்தில் இருந்தது ஒரேயொரு உரிமை. தன் பிள்ளையைத் தன் கூரையின் கீழ், தன் பொறுப்பில் வைத்து வளர்க்கும் பெற்றோரின் உரிமை அது. ஹேர்னிங்கிலும் ஹோல்ஸ்ரபுறோவிலும் ஓகூசிலும் தனி அறைகளில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த தந்தையர், ஒரு நிமிடத் தொலைபேசி அழைப்பின் விலையை அறிந்தவர்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் தொலைபேசித் தொடர்பே அற்றுப்போயிருந்த காலத்தில், பிள்ளையின் குரலைக் கேட்பதற்காக வவுனியாவிலும் கொழும்பிலும் விடுதிகளில் நாட்கணக்காகக் காத்திருந்த தாய்மாரையும் அந்தத் தலைமுறை அறியும்.

அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற பொறுப்பு இன்று என்ன நிலையில் இருக்கின்றது?

கைத்தொலைபேசிக் கடை ஒன்றிற்குள் ஒரு தமிழ்க் குடும்பம் நுழைகின்றது. தந்தை தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தவர். தாய் முதியோர் இல்லத்தில் பணிபுரிபவர். விற்பனையாளரோடு பேசுவது பதினொரு வயதுப் பிள்ளை. எந்தத் தொலைபேசி, எத்தனை ஜிகாபைட், மாதம் எத்தனை குரோனர் என்பவற்றையெல்லாம் அப்பிள்ளையே டெனிஸ் மொழியில் பேசி முடிக்கின்றது. இறுதியில் தந்தையின் பக்கம் திரும்பி, "அப்பா, இதிலை சைன் வையுங்கோ" என்கின்றது. அவரும் வைக்கின்றார். எதில் வைத்தார் என்பது அவருக்குத் தெரியாது.

இது மிகைப்படுத்திய காட்சி என்று எத்தனை தமிழ்ப் பெற்றோரால் மனச்சாட்சியோடு கூற முடியும்?

டெனிஸ் சட்டப்படி 18 வயது நிறையாதவர் இத்தகைய சந்தா ஒப்பந்தத்தில் தாமாகப் பிணைபட முடியாது. ஆகவே பிள்ளையின் கையில் இருக்கும் தொலைபேசியின் மாதச் சந்தா, அதாவது அபொனமென்ட், பெற்றோரின் பெயரிலேயே இருக்கின்றது. கட்டணம் செலுத்தப்படாவிட்டால் கடன் மீட்பு நிறுவனத்தின் கடிதம் வருவதும், ஆர்.கே.ஐ. எனப்படும் கடன் தவறியோர் பட்டியலில் ஏறக்கூடியதும் பெற்றோரின் பெயரே. வீடு வாங்க வங்கிக்குச் செல்லும் நாளில்தான் பலருக்கு அந்த ஒப்பத்தின் பாரம் விளங்குகின்றது. சந்தா ஒப்பந்தமொன்று நுகர்வோரை ஆறு மாதங்களுக்கு மேல் கட்டிப்போட முடியாது என்ற பாதுகாப்பு இந்நாட்டில் உண்டு. ஆனால் அதனோடு சேர்த்துத் தவணை முறையில் வாங்கப்படும் விலையுயர்ந்த தொலைபேசியின் கடன் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளக்கூடும். சந்தா வேறு, தவணைக்கடன் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்காமல் ஒப்பமிடுவோர் ஏமாற்றப்படுவதில்லை, தாமாகவே ஏமாறுகின்றார்கள்.

பணம் போனால் மீண்டும் உழைக்கலாம். அதைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் நிகழ்கின்றது.

15 வயதிற்குக் குறைந்த பிள்ளையின் தனிப்பட்ட தரவுகளை அப்பிள்ளையின் சம்மதத்தின் பேரில் கையாள விரும்பும் இணைய நிறுவனம், பெற்றோரின் அனுமதியைப் பெற வேண்டும். டென்மார்க்கில் 13 ஆக இருந்த இந்த எல்லை 2024 ஜனவரி 1 முதல் 15 ஆக உயர்த்தப்பட்டது. 2025 ஒக்ரோபரில் நாடாளுமன்றத்தைத் தொடக்கிவைத்து உரையாற்றிய பிரதமர் மெத்த பிரடெரிக்சன், 15 வயதிற்குக் குறைந்தோர் சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் திட்டத்தை அறிவித்தார். அடுத்த மாதமே அதற்கான அரசியல் உடன்பாடும் எட்டப்பட்டது. அத்திட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: பெற்றோர் ஆராய்ந்து விரும்பினால் 13 வயது முதல் தம் பிள்ளைக்கு அனுமதி அளிக்கலாம்.

அதாவது, கதவின் திறப்பைப் பெற்றோரின் கையில் கொடுக்க அரசு முன்வருகின்றது. ஆனால் தமிழ் வீடுகளில் அந்தத் திறப்பு எங்கே இருக்கின்றது? அரசிடமிருந்து வரும் மின்கடிதத்தைத் திறப்பது பிள்ளை. பாடசாலையின் "ஓலா" தளத்தில் ஆசிரியர் எழுதுவதை வாசித்துச் சொல்வதும் பிள்ளை. தந்தையின் "மிற்ஐடி" இரகசியக் குறியீட்டை மனப்பாடமாக வைத்திருப்பதும் அதே பிள்ளைதான். பெற்றோரின் அனுமதியைப் பெற்றோரின் பெயரில் பிள்ளையே தனக்கு வழங்கிக்கொள்ளும் வீட்டில், எந்தச் சட்டம் வந்துதான் என்ன பயன்?

"டெனிஸ் பிள்ளைகள் எல்லோரும் வைத்திருக்கின்றார்கள், எங்கள் பிள்ளை மட்டும் இல்லாமல் இருப்பதா?" என்பது தமிழ்ப் பெற்றோர் வழக்கமாகக் கூறும் நியாயம். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. ஆனால் இன்று டெனிஸ் சமூகமே தான் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கின்றது. பிள்ளைகளின் நலவாழ்வை ஆராய அரசு அமைத்த ஆணைக்குழு, 13 வயதிற்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சொந்தமாகத் திறன்பேசி இருக்கக் கூடாது என்று 2025 பெப்ரவரியில் பரிந்துரைத்தது. இளையோரில் 94 விழுக்காட்டினர் 13 வயதை எட்டும் முன்பே சமூக ஊடகக் கணக்கு வைத்திருந்தனர் என்பதும், 9 முதல் 14 வயது வரையானோர் ரிக்ரொக்கிலும் யூரியூபிலும் நாளொன்றிற்குச் சராசரியாக மூன்று மணிநேரம் செலவிடுகின்றனர் என்பதும் அதன்வழி வெளிவந்த செய்திகள். பாடசாலைகளைக் கைத்தொலைபேசி அற்றவையாக்கச் சட்டம் திருத்தப்படும் என்று அரசாங்கமும் அதே மாதத்தில் அறிவித்தது. டெனிஸ் பெற்றோர் பின்வாங்கத் தொடங்கிய பாதையில், அவர்களைப் பார்த்துத் தமிழ்ப் பெற்றோர் முன்னேறிச் செல்வது எவ்வளவு பெரிய பேதைமை!

ஆபத்து நேரத்தை வீணடிப்பதோடு நிற்பதில்லை. 2018 ஜனவரியில் டெனிஸ் காவற்றுறை ஆயிரத்திற்கும் மேற்பட்ட இளையோர் மீது ஒரே வழக்கில் குற்றஞ்சாட்டியது. 15 வயதுடைய இருவரின் அந்தரங்கக் காணொளியை மெசெஞ்சர் வழியாக மற்றவர்களுக்கு அனுப்பியமையே அவர்கள் செய்த குற்றம். "அம்பிரல்லா வழக்கு" என அறியப்பட்ட இதில் குற்றஞ்சாட்டப்பட்டோரில் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகள். இந்நாட்டில் 15 வயதில் குற்றவியற் பொறுப்பு தொடங்குகின்றது. விரலால் ஒருமுறை தட்டி அனுப்பியதற்குச் சிறார் பாலியற் படம் பரப்பிய குற்றச்சாட்டை எதிர்கொள்ள நேரிடும் என்பதை, தொலைபேசியை வாங்கிக் கொடுத்த எத்தனை பெற்றோர் தம் பிள்ளைக்குச் சொல்லியிருக்கின்றனர்?

இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு பழியும் உண்டு. மகளின் தொலைபேசியை அண்ணன் திறந்து பார்க்கின்றான், தாய் திறந்து பார்க்கின்றாள். மகனின் தொலைபேசியை எவரும் தொடுவதில்லை. மகளுக்கு வருவது மானப் பிரச்சினை, மகனுக்கு வருவது வெறும் விளையாட்டு என்ற எண்ணமே இதற்குக் காரணம். அம்பிரல்லா வழக்கு இந்த எண்ணத்தை உடைத்தெறிந்திருக்க வேண்டும். மேலும், "அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைபேசியைப் பறித்துவிடுவார்" என்று அஞ்சும் பெண்பிள்ளை, எவனோ ஒருவன் அவளது படத்தை வைத்து மிரட்டும்போது யாரிடம் செல்வாள்? சிறுவர் உரிமை அமைப்பான "போர்ன்ஸ் வில்கோர்" நடத்தும் 116 111 என்ற சிறுவர் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இலக்கத்திற்கு முன்பாகத் தாயிடம் வரலாம் என்ற நம்பிக்கையை வீடு கொடுத்திருக்க வேண்டும். பறிப்பது தண்டனை; வளர்ப்பது வேறு.

பாதுகாப்பிற்காக வாங்கிக் கொடுத்தோம் என்பர் சிலர். பாடசாலையிலிருந்து வீடு வரும் பிள்ளை தாயை அழைப்பதற்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டுமுள்ள பொத்தான் தொலைபேசி போதும். யாழ்ப்பாணத்து அம்மம்மாவோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு என்பர் வேறு சிலர். அந்த உரையாடல் வீட்டு மண்டபத்தில், தாயின் தொலைபேசியில், எல்லோரும் கூடியிருக்க நடைபெறட்டும். அம்மம்மாவின் தமிழ் மற்றப் பிள்ளைகளின் காதிலும் விழும். பூப்புனித நீராட்டு விழாவிற்கும் பிறந்தநாளுக்கும் மாமாமார் போட்டியிட்டு விலையுயர்ந்த தொலைபேசி பரிசளிப்பது பாசமன்று, பகட்டு. பெற்றோரைக் கேளாமல் ஒரு பிள்ளையின் கையில் எவரும் அதனைத் திணித்தல் ஆகாது.

சந்தாவைத் தெரிவு செய்யும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. மாதச் செலவு குறித்த தொகையைத் தாண்டாதவாறு எல்லை இட முடியுமா? கூடுதல் கட்டணம் அறவிடும் குறுஞ்செய்திச் சேவைகளையும் இலக்கங்களையும் முற்றாகத் தடுத்துத் தருவார்களா? இணையத் தரவு தீர்ந்ததும் சேவை நின்றுவிடுமா, அன்றி மேலதிகக் கட்டணம் ஏறுமா? கோடை விடுமுறையில் குடும்பம் செல்லும் நாடு சந்தாவினுள் அடங்குமா? ஐரோப்பிய ஒன்றியத்தினுள் 2017 ஜூன் முதல் மேலதிக அலைவரிசைக் கட்டணம் நீக்கப்பட்டுள்ளது. ஆனால் உறவினரைக் காண அதிக தமிழர் செல்லும் சுவிற்சர்லாந்து அந்த ஒழுங்கிற்குள் அடங்காது. யேர்மனி கடந்து பாசல் எல்லையைத் தாண்டும் காரின் பின்னிருக்கையில் காணொளி பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த எல்லை தெரியாது. முதல் தொலைபேசிக்கு முற்கொடுப்பனவு அட்டையே சிறந்தது. பணம் தீர்ந்தால் அது நின்றுவிடும், கடன் ஏறாது. இக்கேள்விகளை டெனிஸ் மொழியில் கேட்கத் தெரியாத பெற்றோர், வளர்ந்த ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். யாருக்காகத் தொலைபேசி வாங்கப்படுகின்றதோ, அந்தப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்குதல் கூடாது.

எனினும் தனியொரு வீடு கதவை மூடிவிட்டால் பிள்ளை வகுப்பில் தனித்துப் போகும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து வகுப்பறையிலேயே உள்ளது. அயர்லாந்தின் கிறேஸ்ரோன்ஸ் பகுதியில் எட்டு ஆரம்பப் பாடசாலைகளின் பெற்றோர் சங்கங்கள் 2023 இல் ஒன்றுகூடி, இடைநிலைப் பாடசாலைக்குச் செல்லும் வரை பிள்ளைகளுக்குத் திறன்பேசி இல்லை எனத் தாமாகவே உடன்பட்டன. எல்லோரிடமும் இல்லாதபோது எவரும் தனித்துப் போவதில்லை. டென்மார்க்கிலும் வகுப்புப் பெற்றோர் கூட்டங்களில் இத்தகைய உடன்பாடுகள் பேசப்படுகின்றன. ஆனால் அந்த இருக்கைகளில் தமிழ்ப் பெற்றோர் எங்கே? கோயில் திருவிழாவிற்குக் குடும்பமாகச் செல்பவர்கள், ஆண்டில் இரண்டு மாலைகள் நடைபெறும் பெற்றோர் கூட்டத்திற்கு "மொழி விளங்காது" என்று செல்லாதிருக்கின்றனர். சென்றாலும் வாய் திறப்பதில்லை.

வாய் திறந்த ஒரு தந்தையால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஹெல்சிங்கோர் நகரம் சாட்சி. பாடசாலை வழங்கிய கூகுள் கணக்கின் வழியாகத் தன் சிறு மகனின் பெயர் யூரியூபில் வெளித்தெரிந்ததை 2019 இல் அறிந்த ஒரு தந்தை, விடாது முறையிட்டார். அதன் தொடர்ச்சியாக 2022 ஜூலையில் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை அந்நகரசபைப் பாடசாலைகளில் கூகுள் குரோம்புக் பயன்பாட்டிற்குத் தடைவிதித்தது. அத்தடை பின்னர் இடைநிறுத்தப்பட்ட போதிலும், 2024 ஜனவரியில் 53 நகரசபைகளுக்கு அதே அதிகாரசபை உத்தரவு பிறப்பித்தது. அவர் அமைச்சரல்லர், அறிஞரல்லர். ஒரு பிள்ளையின் தந்தை, அவ்வளவுதான்.

இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து இன்று இருபதுகளில் நிற்கும் தமிழ் இளையோருக்கும் இதில் கடமை உண்டு. பெற்றோரின் மின்னணு அடையாளக் குறியீட்டைக் கையில் வைத்திருந்து வளர்ந்த தலைமுறை அவர்களே. அதிலிருந்த வசதியும் பொய்யும் அவர்களுக்கே நன்கு தெரியும். தம்பி தங்கையின் வகுப்புக் கூட்டத்தில் தாயின் அருகில் அமர்ந்து, அவர் கேட்க விரும்பும் கேள்வியை அவர் கேட்கும் விதமாகவே மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும். வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலையில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு, ஓலாவைத் திறப்பதையும் தொலைபேசி ஒப்பந்தத்தை வாசிப்பதையும் ஒரு மணிநேரம் கற்றுக்கொடுக்கட்டும்.

அன்று ஓர் அமைச்சர் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தபோது, இந்நாட்டின் நீதி தமிழர் பக்கம் நின்றது. இன்று அதே பிள்ளை அடுத்த அறையில்தான் இருக்கின்றது; தடுத்து நிற்க எந்த அமைச்சரும் இல்லை. அடுத்த முறை கடைக்காரர் நீட்டும் படிவத்தை வாசித்து விளங்காமல் எந்தத் தமிழ்ப் பெற்றோரும் ஒப்பமிடாதிருக்கட்டும். இன்றிரவே தம் மிற்ஐடியின் இரகசியக் குறியீட்டை அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்.