போரின் செலவைச் சமாதானத்துக்குத் திருப்புக: 2026 பாதீட்டை முன்னிட்டு ஒரு மகஜர்

பெறுநர்: ஜனாதிபதியின் செயலாளர், நிதி அமைச்சின் செயலாளர், பாதுகாப்பு அமைச்சின் செயலாளர், வடக்கு மாகாண ஆளுநர்.

அனுப்புநர்: வடக்கின் சிறு கடற்றொழிலாளர், விவசாயிகள், நுண்கடன் பெற்ற பெண்கள் ஆகியோர் இணைந்த சங்கம்.

பொருள்: பாதுகாப்புச் செலவைக் குறைத்தல், காணிகளை விடுவித்தல், கடன் சுமையிலிருந்து குடும்பங்களை மீட்டல் தொடர்பானது.



இலங்கையின் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதற்கான செலவு 16 ஆண்டுகள் கழிந்தும் முடியவில்லை. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் தயாராகும் இவ்வேளையில், அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவருவதே இம்மகஜரின் நோக்கம். நாட்டின் பொருளாதாரம் சரிந்ததற்கும், வடக்கில் ஒரு மீனவக் குடும்பத்தின் அடுப்பு அணைந்ததற்கும், வேலிக்கு அப்பால் இன்னும் சிறைப்பட்டுக் கிடக்கும் காணிக்கும் தொடர்பு உண்டு என்று சங்கம் உறுதியாக நம்புகிறது.

முதலில் மண்ணெண்ணெய். வடக்கின் கரையோரங்களில் தொழில் செய்யும் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே அறிவித்தலில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு அது உயர்ந்தது. ஒரு முறை கடலுக்குப் போய்வர 30 லீற்றர் எரிக்கும் படகுக்கு முன்பு 2,610 ரூபா போதும். அந்த அறிவித்தலுக்கு மறுநாள் 10,200 ரூபா தேவைப்பட்டது. வலையில் மீன் பட்டாலும் படாவிட்டாலும் அந்தக் காசு எரிந்துதான் தீரும். அதற்கு முந்திய மாதங்களிலோ விலை கொடுக்க ஆள் இருந்தும் எண்ணெய் இல்லை. கான்களை வரிசையில் வைத்துவிட்டு இரவு முழுக்க எரிபொருள் நிலைய வாசலில் காத்துக் கிடந்தவர்கள் பலர். பின்னர் விலை இறங்கியது உண்மை. ஆனால் பழைய விலையின் பக்கம்கூட அது திரும்பவில்லை. அந்த மாதங்களில் அடகுக்குப் போன தாலிக்கொடிகளில் எத்தனை மீண்டன என்று எந்தத் திணைக்களமும் கணக்கெடுக்கவில்லை.

இந்த நெருக்கடியைக் கடற்றொழிலாளர் உண்டாக்கவில்லை. 2019 இன் இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரச வருமானம் சரிந்தது. 2021 இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை வந்தது, வயல்கள் விளையவில்லை. உக்ரைன் போர் தொடங்கி உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது கப்பலுக்குக் கொடுக்க நாட்டிடம் டொலர் இருக்கவில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் இலங்கை கடன் தவறியது அதுவே முதல் தடவை. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 சதவீதத்தையும் தாண்டியது. பொருளாதாரத்தை இந்நிலைக்குத் தள்ளியதில் முன்னாள் ஜனாதிபதியும் அவரது சகோதரர்களும் உயரதிகாரிகளும் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தது. பில் மட்டும் வேறு முகவரிக்குப் போனது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் உடன்பாடு ஏற்பட்டது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. முல்லைத்தீவில் சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளியும் கொழும்பில் அதே சவர்க்காரத்தை வாங்கும் செல்வந்தரும் ஒரே வரியைக் கட்டுகிறார்கள். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியத்தின் திறைசேரி முறிகள் மாற்றப்பட்டு, 2025 வரை 12 சதவீதமும் அதன் பிறகு 9 சதவீதமும் என வட்டி வரையறுக்கப்பட்டது. வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் நாள் முழுக்க நின்றபடி தைக்கும் பெண்களின் ஓய்வுகாலச் சேமிப்பும் அந்த நிதியத்தில்தான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இலங்கைப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த 20 சதவீதத் தீர்வையின் அச்சமும் அதே பெண்களின் தலையில் இறங்கியது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2024 இல் நாட்டில் நால்வருள் ஒருவர் வறுமையில் வாழ்ந்தார். 2021 ஐவிட இது ஏறத்தாழ இருமடங்கு.

இத்தனைக்கும் நடுவே தளராமல் நின்ற செலவு ஒன்று உண்டு. கடன் தவறிய மறு ஆண்டு, அதாவது 2023 பாதீட்டில், பாதுகாப்பு அமைச்சுக்கு 410 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போன காலம் அது. சுகாதாரத்துக்குக் கிடைத்தது 322 பில்லியன். 2025 பாதீட்டில் சுகாதாரத்துக்கும் கல்விக்கும் தொகை கூட்டப்பட்டிருப்பதைச் சங்கம் மனமார வரவேற்கிறது. ஆயினும் அதே பாதீட்டில் பாதுகாப்புக்கு 440 பில்லியனுக்கும் மேல் வைக்கப்பட்டது. எல்லையில் பகைநாடு எதுவும் இல்லாத, கடனுக்கு வட்டி கட்டவே திணறும் ஒரு தீவுக்கு இது தாங்காது.

இராணுவத்தின் ஆளணியை 2024 இல் 1,35,000 ஆகவும் 2030 இல் 1,00,000 ஆகவும் குறைப்பதாக 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சே அறிவித்தது. அப்போது அனுமதிக்கப்பட்ட ஆளணி 2,00,783. அந்தக் குறைப்பு எவ்வளவு தூரம் நடந்தது, எந்த மாகாணத்தில் எத்தனை முகாம்கள் மூடப்பட்டன, மிச்சப்பட்ட பணம் எங்கே போனது என்பவற்றை 2026 பாதீட்டு உரையுடன் பகிரங்கப்படுத்துமாறு சங்கம் கோருகிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சீருடை அணிந்தவர்களில் பெரும்பாலானோர் அனுராதபுரம், மொனராகலை போன்ற மாவட்டங்களின் ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். ஊரில் வேலை இருந்திருந்தால் துவக்குத் தூக்கியிருக்க மாட்டார்கள். அவர்களைத் தெருவில் விடும்படி சங்கம் ஒருபோதும் கேட்காது. தொழிற்பயிற்சி, ஓய்வூதியம், விவசாயக் கடன் என்று முறையான வழி செய்தே அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வடக்கின் ஏழையும் தெற்கின் ஏழையும் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டிருக்கும் நிலை இருவருக்கும் சோறு போடவில்லை.

அடுத்தது காணி. இதைப் பற்றி வடக்கில் எழுதப்பட்ட மகஜர்களை அடுக்கினால் ஒரு கச்சேரி நிறையும்; ஆனாலும் மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. 1990 இல் போரின்போது யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2013 இல் அங்கே 6,381 ஏக்கரை இராணுவத்துக்காகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் ஆயிரக்கணக்கில் நீதிமன்றம் போனார்கள். 2015 க்குப் பின் பகுதி பகுதியாக விடுவிப்பு நடந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் திரும்பக் கிடைத்தபோது, 27 ஆண்டுகளுக்குப் பின் தம் கரையில் கால் வைத்த முதியவர்கள் மண்ணை அள்ளி அழுதார்கள். இன்னும் பெரும் பரப்பு மீளவில்லை.

வசாவிளான் – பலாலி வீதியை எடுத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில், 34 ஆண்டுகளுக்குப் பிறகு, அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. திறந்த அன்றே நிபந்தனைப் பலகையும் நாட்டப்பட்டது. அப்போது காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரைதான் பயணம். இடையில் நிறுத்தக் கூடாது, திரும்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நடந்து போகக் கூடாது. வீதியின் இரு மருங்கிலும் வேலிக்குள் தெரிவது அந்த வழியே போகிறவர்களின் சொந்தத் தோட்டங்களும் இடிந்த வீடுகளும். தன் வீட்டு வாசலைத் தாண்டும்போது நின்று பார்க்க ஒரு மனிதருக்கு உரிமை இல்லாதபோது அந்த வீதி பாதிதான் திறந்திருந்தது.

முல்லைத்தீவின் கேப்பாப்பிலவில் 2017 இல் காணிக்காகப் போராடத் தொடங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஊர்மனை இன்னமும் முகாமுக்குள் இருக்கிறது. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் விடுதி நடத்துகிறது. விவசாயி கடன்பட்டுப் பயிரிடும் மாவட்டங்களில் இராணுவம் பண்ணை நடத்துகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு முன்பள்ளிகளில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வேலை செய்யும் ஆசிரியைக்குக் கிடைக்கும் சம்பளம், மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் அதே வேலை செய்யும் ஆசிரியையின் கொடுப்பனவைப் போல் பல மடங்கு. முன்பள்ளிகளை மாகாண சபையின் பொறுப்புக்கு மாற்றி, சம்பளத்தைக் குறைக்காமல் எல்லோருக்கும் சமமாக்க வேண்டும். தனியார் காணியில் நடக்கும் பண்ணைகளும் விடுதிகளும் உரிமையாளரிடம் போய்ச் சேர வேண்டும். அதற்குக் காலக்கெடுவுடன் கூடிய அட்டவணை வேண்டும். 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானி வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்தில் உரிமை நிரூபிக்கக் கேட்டது. போரில் உறுதி தொலைத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் என்ன செய்திருப்பார்கள்? உயர் நீதிமன்றம் தலையிட்ட பின் அது மீளப் பெறப்பட்டது. அத்தகைய அறிவித்தல் இனி வராது என்ற எழுத்துமூல உறுதிமொழியைச் சங்கம் எதிர்பார்க்கிறது.

நுண்கடன் பற்றிப் பேசும்போது சங்கத்தின் பெண் உறுப்பினர்களுக்குக் குரல் தழுதழுக்கும். கணவரைப் போரில் இழந்து, பிள்ளைகளுடன் மீள்குடியேறிய பெண்களின் வாசலுக்கு 2009 க்குப் பின் முதலில் வந்தவர்களுள் கடன் நிறுவன முகவர்களும் உண்டு. கோழி வளர்க்க எடுத்த கடனை அடைக்க இன்னொரு கடன், அதற்கு மூன்றாவது கடன். 2018 இல் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர், ஆண்டுக்கு 200 சதவீதத்தையும் தாண்டிய வட்டியைப் பதிவு செய்தார். அதே ஆண்டு அரசாங்கம் 35 சதவீத உச்சவரம்பு விதித்தது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்தது. அந்த நிவாரணம் எட்டாதவர்கள் ஏராளம். கிராமிய மகளிர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பாதீட்டில் நேரடி நிதி ஒதுக்கி, குறைந்த வட்டியில் கடன் கிடைக்கச் செய்ய வேண்டும். மாலையில் வீட்டுக்குள் வந்து குந்தியிருந்து தவணை கேட்கும் வழக்கத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும்.

கடற்றொழிலாளருக்கு மண்ணெண்ணெய் மானியம் நிரந்தரமாக வேண்டும். இழுவைமடித் தொழிலை 2017 இல் சட்டம் தடைசெய்தது. உள்ளூர் இழுவைப் படகாயினும் தமிழகத்திலிருந்து வரும் படகாயினும் அந்தச் சட்டம் பொருந்தும். அதே வேளையில், எல்லை தாண்டியவர்களும் தொழிலாளரே. துப்பாக்கிச் சூடும் நீண்ட சிறையும் தீர்வாகா. இரு கரை மீனவர்களும் முகம் பார்த்துப் பேசும் சந்திப்புகளை அரசு மீண்டும் தொடங்க வேண்டும்.

செம்மணி மனிதப் புதைகுழியைச் சொல்லாமல் இம்மகஜர் முழுமை பெறாது. 2025 இல் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு பிள்ளையின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப்பை ஒன்றும் பொம்மையும் கிடைத்தன. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் தெருவோரப் பந்தலில் தொடர் போராட்டம் நடத்தும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், அந்தப் பையின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத் தம் பிள்ளையின் பையா என்று யோசிக்கும் நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். அகழ்வுக்கும் மரபணு ஒப்பீட்டுக்கும் தேவையான முழு நிதியைப் பாதீட்டில் தனித் தலைப்பாக ஒதுக்க வேண்டும், சர்வதேச நிபுணர்களின் மேற்பார்வையை அனுமதிக்க வேண்டும். 1979 முதல் நடைமுறையில் உள்ள பயங்கரவாதத் தடைச் சட்டத்தை, ஆளும் கட்சி தன் தேர்தல் விஞ்ஞாபனத்தில் வாக்குறுதி அளித்தபடி, வேறு பெயரில் திரும்பக் கொண்டுவராமல் நீக்க வேண்டும்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159 ஐப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம் அதற்கே கிடைத்தது. தெற்கின் கட்சி ஒன்று அங்கே அப்படி வென்றதில்லை. வடக்கின் வாக்காளர்கள் பழைய கசப்பை ஒதுக்கிவைத்து நீட்டிய கை அது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீத முதன்மை உபரி காட்ட வேண்டியிருப்பதைச் சங்கம் அறியும். அந்த உபரியைச் செல்வ வரியிலிருந்தும் பாதுகாப்புச் செலவுக் குறைப்பிலிருந்தும் திரட்டலாம். அரிசியிலும் மருந்திலும் எண்ணெயிலும் கை வைக்க வேண்டியதில்லை.

பாதீட்டின் இரண்டாம் வாசிப்புக்கு முன்னர் சங்கத்தின் பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு திகதி ஒதுக்குமாறும், மேற்கண்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் தமிழில் எழுத்துமூலம் பதில் தருமாறும் வேண்டிக்கொள்கிறோம். இம்மகஜரின் சிங்களப் பிரதி வடக்கின் எல்லா மாவட்டச் செயலகங்களிலும் கையளிக்கப்படுகிறது. தெற்கின் மீனவர், விவசாயிகள் சங்கங்களுக்கும் அது அனுப்பப்படுகிறது.