கையைப் பார்க்குமுன் வாயைப் பார்க்கும் தேர்வு

அரியலூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு இந்த ஐப்பசியில் ஒரு பையன் வந்தான். டெபிட் கார்டில் ஆன்லைனாகப் பணம் கட்ட முடியவில்லை, திறந்துவிட வேண்டும் என்றான். எதுக்குத் தம்பி என்று கேட்டேன். "சீட் எக்ஸாமுக்கு ஃபீஸ் கட்டணும் சார்." பக்கத்து இருக்கைக்காரர் தலையைத் தூக்கி, "சீட்டுக் கம்பெனிக்கெல்லாம் எக்ஸாமா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பத்து வருஷமாக இயக்கக் கூட்டங்களுக்குப் போகிற, இடஒதுக்கீடு பற்றி மணிக்கணக்கில் பேசுகிற எனக்கே அப்போது தெரியாது.

சீட் என்பது எம்.டெஸ். என்கிற முதுகலை வடிவமைப்புப் பட்டத்துக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு. நடத்துவது பம்பாய் ஐ.ஐ.டி. பம்பாய், டெல்லி, கான்பூர், கௌஹாத்தி, ஐதராபாத் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இந்த மதிப்பெண்ணைப் பார்த்து எம்.டெஸ். படிப்புக்கு ஆளைக் கூப்பிடுகின்றன. எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம். வயது வரம்பு இல்லை. எத்தனை தடவையும் எழுதலாம். பட்டியல் சாதியினருக்குக் கட்டணம் பாதி, இடங்களில் 15 சதவீதம் ஒதுக்கீடு. பார்த்தால் கதவு அகலத் திறந்துதான் கிடக்கிறது.

பையன் செந்துறைப் பக்கம் ஒரு காலனி. அணைக்கரையில் கொள்ளிடம் தாண்டிப் போய் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். சாயங்காலம் டீக்கடையில் பழைய வினாத்தாள் ஒன்றைக் காட்டினான். தேர்வு இரண்டு பகுதி. 'அ' பகுதி கம்ப்யூட்டரில்: தர்க்கம், கணக்கு, உருவங்களை மனசுக்குள் திருப்பிப் பார்ப்பது, அறிவியல், சமூகம், மொழி. 'ஆ' பகுதி தாளில், கையால் வரைவது. இறுதி மதிப்பெண்ணில் 'ஆ'வுக்கு 75 சதவீதம், 'அ'வுக்கு 25. படித்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அடடா, இந்த நாட்டில் கைக்கு முக்கால் பங்கு கொடுக்கிற ஒரு தேர்வா!

அவன் சிரித்தான். "அண்ணே, கீழ படிங்க." 'அ' பகுதியில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டியவர்களின் 'ஆ' பகுதியை மட்டுமே திருத்துவார்கள். கேள்வி எல்லாம் இங்கிலீஷ். தமிழும் கிடையாது, இந்தியும் கிடையாது. அதாவது கையைப் பார்க்கணும்னா முதலில் வாயைத் தாண்டணும். வினாத்தாளில் வரையச் சொன்னதை அவன் அங்கேயே பென்சிலால் வரைந்துவிட்டான், டீ ஆறுவதற்குள். 'அ' பகுதியில் ஒரு கேள்வியை மூன்று தடவை படித்தோம், அவனும் பட்டதாரியான நானும். கணக்கு சுலபம். கேள்விதான் புரியவில்லை.

இது அனிதாவின் மண். குழுமூர் அரியலூர் மாவட்டம்தான். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட் அதைச் செல்லாக்காசாக்கியது. உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றார். 2017 ஆகஸ்ட் 22-ல் தீர்ப்பு எதிராக வந்தது, செப்டம்பர் 1-ல் அவரை இழந்தோம். நாடே கொதித்தது. 2021-லும் 2022-லும் சட்டமன்றம் நீட் விலக்கு மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் மு.க.ஸ்டாலின் அவையில் அறிவித்தார். சண்டை நடந்தது, நடக்கிறது. அந்த நீட்டைக்கூடத் தமிழில் எழுதலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சீட்டுக்கு எதிராக ஒரு சுவரொட்டி பார்த்திருக்கிறீர்களா? இருக்காது. நீட் நம்மிடமிருந்து ஒன்றைப் பிடுங்கியது, வலித்தது. வடிவமைப்பு நம் கைக்கு வந்ததே இல்லை, அதனால் வலிக்கவும் இல்லை. தோழர்கள் சிலரிடம் சொன்னேன். "சோத்துக்கு இல்லாதவனுக்கு டிசைன் எதுக்கு?" என்றார் ஒருவர். மன்னிக்கணும், இது ஆதிக்க சாதிக்காரன் கேட்க வேண்டிய கேள்வி. நாம் ஏன் அவனுக்காகக் கேட்கிறோம்?

வடிவமைப்பு என்றால் சேலை பார்டர் என்று நினைப்பதால் வரும் பேச்சு இது. 1958-ல் சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது அதை ஒட்டித்தான். இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களில் அவர்கள் கொண்டாடியது சொம்பை. எவ்வளவு கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், தலையில் எப்படி நிற்கும், சாய்த்தால் எப்படி ஊற்றும், கைக்கு எப்படி இருக்கும், என்ன விலை என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அழகான பட்டியல், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற கேள்வி அதில் இல்லை. 1927-ல் மகாடு குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பதற்கே அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்த நாடு இது!

டீக்கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்தானே, அது டிசைன். தனியாகத் தெரியணும், தனியாகத் தொங்கணும், நாமே கழுவி வைக்கணும், உயர ஊற்றினால் அவன் கை படக்கூடாது. எவ்வளவு யோசித்திருக்கிறான்! ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், காற்றும் தண்ணியும் எந்தத் திசையில் போகணும் என்று கிராமத்தையே வரைந்து வைத்தவன் எந்த எம்.டெஸ்.ஸும் படிக்கவில்லை. மனிதன் கையால் மலம் அள்ளக்கூடாது என்று 1993-ல் ஒரு சட்டம், பாதுகாப்பில்லாமல் மலக்குழியில் இறக்கக்கூடாது என்று 2013-ல் இன்னொரு சட்டம். சாவு நிற்கவில்லை. குழி மனிதனை இறக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதை வரைகிற மேஜையில் இறங்கியவனின் மகன் இல்லை. இந்த மேஜையில் நமக்கு இடம் வேண்டாமா?

அந்தப் பையனின் தாத்தா பறை கட்டுவார். வேப்பமரத்தில் மூன்று துண்டு இழைத்து வட்டமாகச் சேர்த்து, கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றுவது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நம் ஊர்களில் நடந்த சண்டையும் அடியும் எனக்குத் தெரியும். மறுத்தது சரி, இன்றும் சரி. ஆனால் மரம், தோல், பசை, சூடு நான்கையும் ஒரு சத்தத்துக்காகக் கோத்த அறிவை அடிமைத்தனத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டது யாருக்கு லாபம்? இந்தக் கை எந்த 'அ' பகுதியைத் தாண்டும்?

நீட்டைப் போல இதையும் ஒழி என்று நான் எழுதப்போவதில்லை, சிலருக்குக் கோபம் வரலாம். மருத்துவத்துக்குப் பிளஸ் டூ மதிப்பெண் இருக்கிறது. பி.ஏ. வரலாறு, பி.இ. சிவில், கவின் கலை மூவரும் ஒரே வகுப்புக்கு வரும்போது பட்ட மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது? வரையச் சொல்லித்தான் பார்க்கணும். அப்படியானால் வரைந்ததைப் பார். 'ஆ' பகுதியை எழுதிய எல்லாருக்கும் திருத்து. கேள்வியைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் கொடு. பெரிய வேலை, செலவு என்பார்கள். நீட்டுக்குச் செய்யவில்லையா? மதிப்பெண்ணுக்குப் பிறகு நிறுவனங்கள் நேர்காணலுக்குக் கூப்பிட்டு, செய்த வேலைகளின் தொகுப்பைக் கேட்கின்றன. அந்த அறைக்குள் யார் உட்கார்ந்து எந்த அழகை அழகு என்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய சமாச்சாரம்.

நம் பக்கக் கோளாறும் உண்டு. 2012-ல் தமிழக அரசு 16,000க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. ஓவிய ஆசிரியர்களும் அதில் அடக்கம். வாரம் மூன்று அரை நாள், மாசம் 5,000 ரூபாய். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது நாம் அதைச் சம்பளப் பிரச்சனையாக மட்டுமே பார்த்தோம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு நடக்கிறதா என்று எந்தக் கூட்டத்திலாவது தீர்மானம் போட்டிருக்கிறோமா? விடுதிச் சோறு பற்றிப் போட்டோம். அதுவும் வேணும், இதுவும் வேணும்.

பழைய வினாத்தாள்களைத் தேர்வு நடத்துகிறவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். பெரம்பலூரில் என் வீட்டில் ஞாயிறுதோறும் நாலு பேர் உட்கார்ந்து 'அ' பகுதியைத் தமிழாக்குகிறோம். இங்கிலீஷ் தெரிந்த மாணவத் தோழர்கள் வரலாம். வரைகிற பிள்ளைகள் கட்டாயம் வரணும், உருவக் கேள்விகளில் நாங்கள் திணறுகிறோம். தேர்வு ஜனவரியில். பையன் சென்னைக்குப் போய் எழுதுகிறான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, முதல் நாள் ராத்திரி அரியலூரில்தான் ஏற்றிவிடணும்.