மன்னிப்பை மருந்துச் சீட்டில் எழுதலாமா?

எங்கள் நெய்க்காரப்பட்டிப் பக்கத்தில் பங்காளிகள் பேச்சை முறித்துக்கொள்ள ஒரு வரப்போ, கிணற்றின் முறைத்தண்ணீரோ போதும். காலில் நீரிழிவுப் புண்ணோடு சேர்க்கப்பட்டிருந்த கரும்பு விவசாயி ஒருவரைப் பார்க்க, பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம்பி இளநீரோடு வந்து வாசலில் நின்றார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் 140 ஆக இருந்த மேல் ரத்த அழுத்தம் அப்போது 170. “மன்னிச்சு விட்டுருங்க மாமா, உடம்புக்கு நல்லது” என்று உறவினர் சூழ்ந்துகொண்டனர். என்னையும் சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

உடம்புக்கு நல்லது என்பதில் பிழையில்லை. அமெரிக்காவின் ஹோப் கல்லூரியில் 71 பேரைத் தமக்குத் தீங்கிழைத்த ஒருவரை நினைக்கச் செய்து அளந்தனர். முடிவுகள் 2001இல் வெளியாயின. வன்மத்தை அசைபோட்டபோது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின, புருவத் தசை இறுகியது. மன்னிப்பதாக எண்ணியபோது அவ்வளவு ஏறவில்லை. 2005இல் வெளியான ஒஹையோ ஆய்வு நம் வார்டுக்கு இன்னும் நெருக்கமானது. 42 தம்பதியரின் கைகளில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறுவதைக் கவனித்தனர். பகைமையோடு பேசிக்கொண்ட இணையரின் புண்கள், மற்றவர்களுடையவை ஆறிய வேகத்தில் 60 விழுக்காட்டு வேகத்திலேயே ஆறின. சினம் நீடித்தால் சுரக்கும் கார்ட்டிசால் சர்க்கரையையும் ஏற்றிவிடும். கால்புண்காரருக்கு இது இரட்டை இடி.

ஆயினும் உடல் எல்லோரையும் மன்னிப்பதற்காக அமைந்ததன்று. சண்டையிட்ட சிம்பன்சிகள் சற்று நேரத்தில் முத்தமிட்டுத் தழுவிக்கொள்வதை நெதர்லாந்தின் ஆர்னெம் விலங்குக் காட்சியகத்தில் கண்டு, பிரான்ஸ் டி வால் 1979இல் எழுதினார். 1993இல் வெளியான மற்றோர் ஆய்வில், இணைந்து செயல்பட்டால்தான் உணவு கிடைக்கும் என்று நீள்வால் குரங்குகள் பழக்கப்பட்டன. அதன்பின் அவை சமாதானமானது ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. உறவு தேவை, எதிரில் இருப்பவரால் இனி ஆபத்தில்லை: இவ்விரண்டும் உறுதியானால்தான் உடல் தன் காவலைத் தளர்த்துகிறது.

இதை மறந்து மன்னிப்பை எல்லோருக்கும் பொதுவான மாத்திரையாக நீட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். புதுமணத் தம்பதியரை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்து மெக்நல்டி 2011இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் மன்னிப்போரின் துணைவரிடம் வசையும் அடியும் குறையாமல் நீடித்தன. அவ்வளவு எளிதில் மன்னிக்காதோரின் துணைவரிடம் அவை காலப்போக்கில் குறைந்தன. “படியில் வழுக்கி விழுந்தேன்” என்று கூறி வரும் பெண்ணின் காயம் எத்தகையது என்பது எங்களுக்குத் தெரியும். அவரிடம் “அனுசரித்துப் போ” என்னும் தாயாரும் மாமியாரும் அவருடைய ரத்த அழுத்தத்தைக் குறைக்கப் போவதில்லை. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 என்னும் மகளிர் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. எங்கள் செவிலியரிடம் தனியே சொன்னாலும் போதும்.

அந்த விவசாயிக்கு வருகிறேன். இளநீரை நான்தான் திருப்பி அனுப்பினேன். அதிலும் சர்க்கரை உண்டு. நான்காம் நாள் கட்டு மாற்றும்போது, “என் கரும்புக்குத் தண்ணி போகுதா?” என்று மகனிடம் கேட்டார். அவர் படுத்த நாளிலிருந்து, தம் முறை தவறினாலும் அண்ணனின் முறை தவறாமல் மடை திறந்துவிட்டது சித்தப்பாதான் என்று மகன் சொன்னான். அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, வண்டியைச் சித்தப்பாவையே கொண்டுவரச் சொல்லுமாறு கூறினார்.